ஆடும்போது மட்டும் நின்ற கம்ப்யூட்டர்

சென்ற மாதம் தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒருவர் எழுந்து கேட்டார்.

"சார், ஒரு கஸ்டமர் வீட்டுல சிஸ்டம் மத்த எல்லா வேலைக்கும் நல்லா ஓடுது. கேம் ஆடும்போது மட்டும் படக்குன்னு நின்னு போகுது. கிராபிக்ஸ் கார்டு மாத்தியாச்சு, பவர் சப்ளை மாத்தியாச்சு. இன்னும் என்ன பாக்கணும்?"

"அந்த வீட்டு எர்த்தைப் பாத்தீங்களா?" என்றேன்.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "சார் இன்னும் வால்வு ரேடியோ காலத்துலயே இருக்காவ" என்று ஒரு குரல் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை நான் ஏன் முதலில் கேட்கிறேன் என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் முடிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் இலஞ்சி. எழுபதுகளில் ரேடியோ மெக்கானிசம் படித்துவிட்டுத் தென்காசியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர், பிறகு டி.வி. எண்பதுகளின் பாதியில் எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தார். என்னைத் திருநெல்வேலிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்ததில் பாதி புரிந்தது. மீதியைக் கழற்றி மாட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

சர்வீஸ் பகுதிக்குத் தலைமை தேவசகாயம் சார். ராணுவத்தில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெள்ளைச் சட்டையைக் காக்கிப் பேண்டுக்குள் விட்டிருப்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. ஒரு மெஷினைத் திறக்கும் முன்னால் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைப்பார். கரண்ட் இருக்கும்போது உள்ளே தொட்டுப் பார்க்க வேண்டி வந்தால் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் தொடுவார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்பது அவர் கணக்கு. யாராவது இரண்டு கையையும் விட்டால் திட்டமாட்டார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் டீ குடிப்பார். அவர் திரும்பி வரும்வரை அந்த ஆள் சும்மா நிற்க வேண்டும்.

கஸ்டமரிடம் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். எப்போது நிற்கிறது? நிற்கும்போது அதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அந்த நேரம் பக்கத்தில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது? மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. அதை நாமே போய் இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் மண்டிக் கம்ப்யூட்டர் மத்தியானத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டுக் கைவிரித்த பிறகு நான் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மத்தியானம் லாரி ஏற்றக் கட்டிய சாக்குகளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் அடுக்கினார்கள். அது சூட்டை வெளியே தள்ளும் ஓட்டை சாக்கில் அடைபட்டு மூச்சு முட்டி நின்றது. சாக்கை நகர்த்தினேன், ஓடியது. இந்த மாதிரி வேலைகளைச் செய்துதான் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்தது.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ். அதன் மேனேஜர் குற்றாலிங்கம் கெட்டிக்காரர். சீசனுக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அடுத்துக் குளிக்கப் போகும்வரை நேரம் போகாமல் கிடப்பதைப் பார்த்து, கீழ்த்தள ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து கேம் ஆட விட்டார். விமானத்தை ஓட்டிக் குண்டு போடுகிற ஒரு ஆட்டம். கலர் மானிட்டர். அந்தக் காலத்தில் அதைப் பார்ப்பதற்கே கூட்டம் கூடும். கம்ப்யூட்டர் எங்கள் கடையில் வாங்கியது. கூட வந்த பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக்கை ஆட்கள் சீக்கிரமே முறித்துவிட்டார்கள். குற்றாலிங்கம் தென்காசி லேத் பட்டறையில் கொடுத்து முறிக்க முடியாதபடி இரும்பில் ஒரு கைப்பிடி செய்து மாட்டிக்கொண்டார்.

சாரல் பிடித்து, கூட்டம் நெரிய ஆரம்பித்ததும் போன் வந்தது. ஆட்டத்தின் நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது, படம் அப்படியே உறைந்துவிடுகிறது, சில சமயம் தானாக அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. ஆடுகிறவர்கள் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள்.

போனேன். திறந்து தூசி தட்டினேன். கார்டுகளையும் மெமரி சிப்புகளையும் கழற்றி, அவற்றின் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். நிற்கவே இல்லை. கிளம்பி வந்தேன். மறுநாள் மீண்டும் போன். பவர் சப்ளையை மாற்றினேன். மறுபடியும் போன். கம்ப்யூட்டரையே தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கடையில் நாள் முழுக்க அதே ஆட்டத்தை ஓடவிட்டோம். ஒரு பிசகும் இல்லை.

தேவசகாயம் சார் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெட்ட மெஷின் எங்கன கொண்டு போய் வச்சாலும் கெட்ட மெஷின்தான். இது இங்கன ஓடுது, அங்கன ஓட மாட்டேங்குது. அப்ப நீ மெஷினைப் பாக்காத. எடத்தைப் பாரு" என்றார்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நான் அந்த ஹாலின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் மல்டிமீட்டர். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் தலைகூடத் துவட்டாமல், எண்ணெய் ஒழுகும் உடம்போடு, இடுப்பில் ஈரத் துண்டோடு வந்து ஆடினார்கள். தரையில் விரித்திருந்த கயிற்றுப்பாய் ஊறிப் போய்க் கிடந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி ஆட்கள் சிலர் ஆடும்போது, கைப்பிடியைப் பிடித்தவன் "ஏய்" என்று கையை உதறினான். திரையில் விமானம் அந்தரத்தில் உறைந்து நின்றது.

"குண்டு விழுந்தா நமக்கும் சுர்ருங்குதுடா. நல்லா செட் பண்ணியிருக்கான்" என்று அவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அது ஆட்டத்தின் பகுதி என்றே நினைத்திருக்கிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. டெஸ்டரை எடுத்து அந்த இரும்புக் கைப்பிடியில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. சற்று நேரம் கழித்து, ஒன்றும் செய்யாமலே அணைந்தது. அணைந்த அதே நேரத்தில் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இரைச்சலும் நின்றிருந்தது. அதுவரை அந்த இரைச்சல் என் காதில் விழுந்ததாகவே எனக்கு நினைவில்லை. தண்ணீர் ஏற்றும் மோட்டார்.

மோட்டாரைப் போடச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அணைக்கச் சொன்னேன், அணைந்தது. செருப்போடும் உலர்ந்த கையோடும் ஆடிய எனக்கு ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மோட்டாரும் ஓட வேண்டும், ஆடுகிறவன் ஈரமாகவும் நிற்க வேண்டும். அப்போது அவன் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்கும். போகிற போக்கில் கம்ப்யூட்டரின் கணக்கைக் கலைத்துவிடும்.

பிளக்கைக் கழற்றி எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பூமிக்குள் போகவில்லை. ஹால் சுவரில் ஏறிப்போன இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் குழாய் பின்சுவர் வழியாகப் பின்கட்டுக்குப் போனது. நானும் போனேன்.

பின்கட்டில் கிணறு, மோட்டார் கொட்டகை, ஒரு துவைகல். துவைகல் பக்கத்தில் அதே குழாயில் தண்ணீர் திறந்து மூட ஒரு பித்தளைத் திருகு. பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா மலை மாதிரிக் குவிந்து கிடந்த படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை நிறுத்த எழுந்தார். திருகைக் கையால் தொடவில்லை. காய்ந்த தென்னை மட்டைத் துண்டு ஒன்றில் பிளவு போட்டு வைத்திருந்தார். அந்தப் பிளவுக்குள் திருகின் காதைச் சிக்கவைத்துத் திருப்பினார்.

"ஏன்க்கா மட்டையால திருப்புதீங்க?"

"கையால தொட்டா இழுக்கும் தம்பி."

"எப்பவுமா?"

"மோட்டார் ஓடுதப்ப. போன சீசன்லயே லேசா சுண்டும். இந்த வருசம் ஆளைத் தூக்கிப் போடப் பாத்துது. அன்னையிலேருந்து மட்டைதான்."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? ஈரத்துலயே நிக்கியே, ஒனக்கு வாதம் வந்துட்டு, போயி வைத்தியர்ட்ட காட்டுன்னாரு." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். "நீங்க எதுக்கு வந்தீய?"

"கம்ப்யூட்டர் நின்னு போகுதுன்னு பாக்க வந்தேன்."

"அதுக்கு ஆளு வருதாவளா" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

மோட்டாரை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதன் ஒரு ஒயர் முனையைத் திருகிலும் மற்றதை ஈர மண்ணிலும் வைத்தேன். ஆளைக் கொல்லப் போதுமான வோல்ட் இருந்தது. கொட்டகைக்குள் மோட்டாரின் உடம்பிலிருந்து பூமிக்குப் போக வேண்டிய எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து தொங்கியது. மோட்டாரின் கம்பிச் சுருளில் ஈரம் ஏறி, கரண்ட் அதன் உடம்பில் கசிந்து, கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் குழாயில் ஏறியிருந்தது. எர்த் ஒயர் வழியாக அது கம்ப்யூட்டருக்கும் கைப்பிடிக்கும் வந்தது. கம்ப்யூட்டர் அதைத்தான் ஒவ்வொரு முறையும் நின்று நின்று சொல்லிக்கொண்டிருந்தது.

மோட்டாரின் ஃபியூஸ் கேரியரை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு குற்றாலிங்கத்திடம் போனேன்.

"அண்ணாச்சி, இனி மோட்டார் போடக் கூடாது. குழாய் பூரா கரண்டு. மோட்டாரை இறக்கி ரீவைண்டிங் குடுங்க. எர்த்தைப் புதுசா போடுங்க. அது வரைக்கும் கம்ப்யூட்டரும் ஓடாது."

"என்னவே சொல்லுதீரு? ரூம் பூரா ஆளு இருக்கு. தண்ணி இல்லன்னா ஒருத்தன் இருப்பானா?"

"லாரில தண்ணி எறக்குங்க. இல்ல, வாடகைக்கு ஒரு மோட்டார் வைங்க."

"சீசன்ல எவன் வாடகைக்கு மோட்டார் தருவான்? சீசன் முடியட்டும், இறக்கிருவோம். நீரு கம்ப்யூட்டரைப் பாக்க வந்தீரு. அதை மட்டும் பாரும்."

"துவைக்கிற அம்மா செத்துப் போவாங்க அண்ணாச்சி."

"அவளா? அவ வருசக் கணக்கா துவைக்கா. ஒண்ணும் ஆவாது. அந்த ஃபியூஸைக் குடும்."

அவரே கை நீட்டி ஃபியூஸை வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டரை அப்போதே சரி செய்ய எனக்கு ஒரு நொடி போதும். அந்த எர்த் ஒயரைக் குழாயிலிருந்து வெட்டிவிட்டால் ஆட்டம் நிற்காமல் ஓடும். அதைச் செய்தால் மோட்டாரை ஒருவரும் சரி செய்யமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. நான் வெட்டவில்லை. லாட்ஜ் போனிலிருந்தே தேவசகாயம் சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேனேஜர்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார். கேக்க மாட்டேங்காரு. நீங்க ஒரு தடவ வந்து சொன்னா கேப்பாரு."

சார் சொன்னார்: "நம்ம வேலை பிளக்கு வரைக்கும்தான். அதுக்கு அந்தப் பக்கம் அவங்க வீடு. நீ கெளம்பி வா."

கிளம்பும் முன் பேச்சியம்மாளிடம் போய், மோட்டார் ஓடும்போது அந்தப் பக்கமே வரவேண்டாம், மட்டையையும் நம்ப வேண்டாம், அது நனைந்துவிட்டால் அதிலும் ஏறும் என்றேன். "பெறகு வேலைய யாரு பாப்பா?" என்று கேட்டார். வழியில் மின்வாரிய ஆபீசில் இறங்கிச் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கிற வயரிங் அவர்கள் பொறுப்பில்லை, லாட்ஜ்காரர் வந்து சொன்னால் ஆள் அனுப்பலாம் என்றார்கள். கடைக்கு வந்து சாரிடம் மறுபடி பேசினேன். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு டி.வி.யைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தார். நான் பார்த்து அவர் மறந்தது அன்று ஒரு நாள்தான்.

அந்த வாரமே லாட்ஜுக்குப் போன் செய்தேன். குற்றாலிங்கம் உற்சாகமாக இருந்தார். "உம்ம மாதிரி பெரிய ஆளெல்லாம் வேண்டாம்வே. நம்ம ஊரு வயர்மேன் வந்தான், ஒரே ஒரு ஒயரை வெட்டினான், கேம் பிச்சிக்கிட்டு ஓடுது." மோட்டார்? "அதுவும் ஓடுது."

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள் கடைக்கு வந்து நின்றார். தலை முடியாமல் கிடந்தது. கூட அவருடைய இளைய மகள், தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நீங்கதான அன்னைக்கு மீட்டர் வச்சிப் பாத்தது?"

மூத்த மகள் செண்பகம். சித்திரையில் அச்சன்புதூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். முதல் ஆடி என்பதால் மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். அந்தச் சமயம் பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல். விரிப்பு குவிந்து கிடக்கிறது என்று லாட்ஜிலிருந்து ஆள் வந்து கத்தியதும், நான் போய்ப் பார்க்கிறேன் என்று செண்பகம் கிளம்பியிருக்கிறாள். தாய் மட்டையைப் பற்றிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவள் போனபோது மோட்டார் ஓடவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருந்ததால் குழாயில் தண்ணீர் வந்தது. கையால் திருகித் திறந்திருக்கிறாள், ஒன்றும் செய்யவில்லை. அம்மா சும்மா பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பாள். துவைத்து முடித்துத் திருகை மூடப் பிடித்த நேரம், முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் சுவிட்சை யாரோ போட்டார்கள். லாட்ஜ் சமையல்காரர் ஓடி வந்தபோது அவள் துவைகல்லின் மேல் கிடந்தாள். கை திருகை விட்டிருக்கவில்லை.

"வலிப்பு வந்து விழுந்துட்டான்னு மேனேஜர் போலீசுல சொல்லிட்டாரு" என்றார் பேச்சியம்மாள். "கையில காயம் இல்லியாம். ஈரக் கைன்னா சில நேரம் காயம் தெரியாது, எங்களால ஒண்ணும் நிச்சயமா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. மாப்பிள்ளை வீட்டுல, வலிப்பு உள்ள புள்ளைய மறைச்சி எங்க தலையில கட்டிட்டான்னு, குடுத்த பொட்டியையும் பித்தளைப் பாத்திரத்தையும் வண்டில ஏத்தி வாசல்ல எறக்கிட்டுப் போயிட்டாவ. காரியத்துக்கும் வர மாட்டோம்ன்னுட்டாவ." இளைய மகளைக் காட்டினார். "இவளுக்கும் அதே பேருதான தம்பி வரும்? எம் மவ போயிட்டா. அது போவட்டும். அவளுக்கு ஒரு நோயும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

கல்யாணமான புதிதில் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை நடத்துவார். அது மறு வாரம் தாலுகா ஆபீசில் என்று பேச்சியம்மாள் சொன்னார். வருகிறேன் என்றேன்.

தேவசகாயம் சார் உள்ளறையில் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் வெளியே வரவில்லை. முதலாளிதான் என்னைக் கூப்பிட்டார். குற்றாலத்து லாட்ஜுகள் எல்லாம் நம் கஸ்டமர்கள், டி.வி. முழுக்க நாம் கொடுத்தது, யோசித்துப் பேசு என்றார். நான் லீவு எழுதிக் கொடுத்தேன். சார் அதில் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அன்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் குற்றாலிங்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தூண் ஓரம் ஒரு இளைஞன் தலை குனிந்து நின்றான். செண்பகத்தின் புருஷன் சுடலை என்று யாரோ சொன்னார்கள். பேச்சியம்மாள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

அதிகாரி வயதானவர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கம்ப்யூட்டர் சர்வீஸ். மோட்டார் பக்கம் ஏன் போனீங்க?"

சொன்னேன். ஆட்டம் நின்றது, கல்லூரி ஆட்கள் கையை உதறியது, குழாயில் கட்டிய ஒயர், மட்டை, மீட்டர், வெட்டப்பட்ட எர்த் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

குற்றாலிங்கம் குறுக்கிட்டார். "ஐயா, மோட்டார் நல்ல கண்டிசன்ல இருக்கு. வேணும்னா இப்பவே வந்து பாருங்க. எர்த் எல்லாம் பக்கா."

"இப்ப இருக்கது புது மோட்டாரா இருக்கும் ஐயா. பழைய மோட்டார் எங்கன்னு கேளுங்க" என்றேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "மாத்துனீங்களா?"

"அது... பழசு ஆயிட்டுன்னு..."

"என்னைக்கு மாத்துனீங்க?"

அதற்குப் பதில் வரும் முன் வாசல் பக்கம் ஒரு அசைவு. தேவசகாயம் சார் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, காக்கிப் பேண்ட். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வர அனுமதி கேட்டு, ராணுவத்தில் நிற்பது போல விறைப்பாக நின்று, தன் பெயரையும் வேலையையும் சொன்னார்.

"இந்தப் பையன் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணினான் ஐயா. குழாயில கரண்டு இருக்கு, அந்தம்மா செத்துப் போகும், நீங்க வந்து சொல்லுங்கன்னான். நம்ம வேலை பிளக்கு வரைக்கும்தான்னு நான்தான் சொன்னேன். நான் போயிருந்தா அவர் கேட்டிருப்பாரோ, கேட்டிருக்க மாட்டாரோ, தெரியாது. ஆனா நான் போகல. இதையும் எழுதிக்கோங்க."

பேச்சியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். சார் அந்தப் பார்வையை விட்டு விலகவில்லை.

பழைய மோட்டாரைத் தென்காசி ரீவைண்டிங் பட்டறை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். இன்னும் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. மின் ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கம்பிச் சுருளுக்குக் கரண்ட் கொடுத்தால் மோட்டாரின் இரும்பு உடம்பு முழுக்க வந்தது. செண்பகம் இறந்தது மின்சாரம் தாக்கி என்று அறிக்கை போனது. குற்றாலிங்கத்தைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். வழக்கு வருஷக் கணக்கில் இழுத்து, ஒன்றுமில்லாமல் போனது. லாட்ஜுக்கு வேறு மேனேஜர் வந்தார். குற்றாலத்து லாட்ஜுகள் எங்கள் கடையைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன. முதலாளி எங்கள் இரண்டு பேரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை, முன்போல மற்றதைப் பற்றியும் பேசவில்லை. தேவசகாயம் சார் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. செண்பகத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் சாரும் போயிருந்தோம். ஓலைச் சரிவு போட்ட சிறிய வீடு. திருப்பி அனுப்பிய தகரப் பெட்டி உள்ளே சுவர் ஓரம் இருந்தது, பூட்டுகூடத் திறக்காமல். சாப்பாடு முடிகிற நேரம் சுடலை வந்து வாசலில் நின்றான். தனியாகத்தான் வந்திருந்தான். யாரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. பேச்சியம்மாள் வெளியே வந்தார்.

"அத்தை, அவளுக்கு வலிப்பெல்லாம் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். கூட இருந்தவன் நான். எங்க அம்மா சொல்லுதப்ப என்னால பேச முடியல." அவன் அழுதான். "நான் தப்புப் பண்ணிட்டேன் அத்தை."

பேச்சியம்மாள் அழவில்லை. அவனை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத் தெரியாதா? ஒங்க தெருவுல போயிச் சொல்லு. வண்டில பொட்டிய ஏத்துனப்ப எல்லாரும் நின்னு பாத்தாவல்லா, அவ்வொ காதுல விழுதாப்புல சொல்லு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் கூடப் போங்க. சொன்னானா இல்லியான்னு கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

மூன்று பேரும் பஸ் ஏறி அச்சன்புதூர் போனோம். அவர்கள் தெருவில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுடலை தன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றான். அவன் தாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, எங்கன போயிட்டு வாரே?" என்றாள். தேவசகாயம் சார் எதிர்ப்பக்கம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தெருப் பக்கம் திரும்பி நின்று சொன்னான்.

"செண்பகத்துக்கு வலிப்பு கெடையாது. அவ கரண்டு அடிச்சித்தான் செத்தா. லாட்ஜுக்காரன் பொய் சொன்னான். நாம அவளைப் பத்திச் சொன்னதும் பொய்."

பீடித் தட்டுகளை மடியில் வைத்திருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். தாய் கதவைச் சாத்தினாள். அவன் நடுத்தெருவுக்கு வந்து, இன்னும் சத்தமாக, அதையே திருப்பிச் சொன்னான்.

நாங்கள் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பேச்சியம்மாள் வாசலைத் தெளித்துக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைக்காமல் எங்களைப் பார்த்தார்.

"சொன்னானா?"

"சொன்னாரு" என்றேன்.

"சத்தமாவா?"

"தெருவே கேட்டுச்சுக்கா."

"சரி" என்றார். வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரையும் தெளித்து முடித்துவிட்டு, இளைய மகளைக் கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் சாயா போடச் சொன்னார்.